நாற்பத்தைந்து லட்சத்துச் சொச்சம்

கப்பலில் எல்லோரும் அவரை அரம் என்றுதான் கூப்பிட்டார்கள். தர்ம நியாயம் பேசுகிறவருக்கு வைக்கிற அறம் இல்லை. சின்ன ர போட்ட அரம், இரும்பைத் தேய்க்கிற அரம். இயந்திர அறையில் அவர் ஃபிட்டர். துருப்பிடித்த போல்ட் ஒன்று கழல மறுத்தால் மற்றவர்கள் கேஸ் வைத்து அறுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். இவர் எண்ணெய் விடுவார், தட்டுவார், காத்திருப்பார், மறுநாளும் அதன் எதிரில் போய்க் குந்துவார்.

“அது உனக்கு என்ன துரோகம் பண்ணிச்சு? விட்டுத் தொலையேன்” என்பார் சமையல்காரர்.

“அதுவா நானான்னு பாத்துடறேன்” என்பார் அரம். பெரும்பாலும் அவர்தான் ஜெயிப்பார். அதனால்தானோ என்னவோ, பொறுமையாக இருந்தால் எதுவும் கழன்று வரும் என்று அவர் மனதார நம்பினார்.

ஊரில் அவருக்கு மனைவி மட்டும். பிள்ளைகள் இல்லை. அந்த அம்மா கடைத்தெருவில் ஒரு செருப்புக்கடையில் வேலை பார்த்தாள். சின்ன முக்காலியில் உட்கார்ந்து வருகிறவர்களின் காலைப் பார்த்தே அளவு சொல்லிவிடுவாள். “மனுஷங்க மூஞ்சி பொய் சொல்லும், குதிகால் சொல்லாது” என்பாள். அவர் கடலில், அவள் கடையில், நடுவே ஃபோன். வருஷத்தில் சில மாதங்கள் சேர்ந்து இருந்தார்கள், சண்டை போட்டார்கள், சந்தோஷமாகவும் இருந்தார்கள்.

கப்பல் கிழட்டுச் சரக்குக் கப்பல். கைமாறிக் கைமாறி வந்தது. வாங்கிய ஒவ்வொருவரும் பழைய பெயரின் மேல் வெள்ளையடித்துப் புதுப் பெயர் எழுதினார்கள். வெயில் சாய்வாக விழும்போது வெள்ளைக்குக் கீழே பழைய பெயர்களின் எழுத்துகள் மேடு தட்டித் தெரியும். ஆனால் பின்புறத்தில், பெயருக்குக் கீழே, இரும்பிலேயே பற்றவைத்த ஏழு இலக்க எண் ஒன்று உண்டு. அதை மட்டும் யாரும் தொட முடியாது. பெயர் மாறலாம், கொடி மாறலாம், முதலாளி மாறலாம். கட்டிய நாளில் கொடுத்த எண் உடைக்கிற நாள் வரைக்கும் அதுதான்.

ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் கேப்டன் அந்த எண்ணைப் பற்றி ஒரு வேடிக்கை சொன்னார். முதல் ஆறு இலக்கங்களை வரிசையாக ஏழு, ஆறு, ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு ஆகியவற்றால் பெருக்கிக் கூட்ட வேண்டும். வருகிற தொகையின் கடைசி இலக்கம்தான் ஏழாவது இலக்கமாக இருக்கும். யாராவது அவசரத்தில் தப்பாகக் குறித்தால் பெரும்பாலும் அங்கேயே குட்டு வெளிப்பட்டுவிடும். “எந்தக் கப்பலுக்கும் இப்படித்தான். நம்பரே தனக்குத்தானே சாட்சி” என்றார் கேப்டன். எல்லோரும் தலையாட்டிவிட்டுச் சாப்பாட்டைப் பார்த்தார்கள்.

அந்தக் கப்பல் ஒரு அந்நியத் துறைமுகத்துக்குள் நுழையும்போது சுக்கான் சிக்கிக்கொண்டு, கரைச் சுவரில் போய் முட்டி, ஒரு பாரந்தூக்கியைச் சாய்த்தது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. துறைமுகத்தார் வழக்குப் போட்டார்கள். கப்பலைக் கரையிலிருந்து இழுத்துப்போய் வெளித்துறையில் நங்கூரம் போட்டு நிறுத்தினார்கள். கப்பல் கம்பெனியோ, ஆனவரைக்கும் ஆயிற்று என்று, கதவைச் சாத்திவிட்டு மாயமாகிவிட்டது. ஃபோன் அடித்தால் அடித்துக்கொண்டே இருந்தது.

சில வாரங்களில் கேப்டனுக்கு நெஞ்சுவலி. மருத்துவமனைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து அப்படியே ஊருக்கு அனுப்பினார்கள். மிச்சமிருந்தவர்களையும் அனுப்பலாம் என்றது நீதிமன்றம், ஒரு நிபந்தனையோடு: கப்பலில் பொறுப்பாளர் என்று ஒருவர் இருக்க வேண்டும். அந்தச் சேதியோடு கழுத்துப் பட்டி கட்டிய ஏஜென்ட் ஒருவர் படகேறி வந்தார்.

“சும்மா ஒரு பேருக்குத்தான். ஆளில்லாத கப்பல்னு ஆயிடக் கூடாது பாருங்க. ரெண்டு வாரம், மிஞ்சிப் போனா மூணு வாரம்.”

சமையலறையில் எல்லோரும் நின்றார்கள். சமையல்காரர் மனைவிக்கு நிறைமாதம். இரண்டாம் இன்ஜினியரின் அம்மாவுக்கு ஆபரேஷன். ஒவ்வொருவருக்கும் ஒரு அவசரம் இருந்தது; ஒவ்வொன்றும் உண்மையான அவசரம். பார்வை எல்லாம் மெல்ல மெல்ல ஒரே பக்கம் திரும்பியது.

இரண்டாம் இன்ஜினியர்தான் சொன்னார். மனதில் வஞ்சகம் வைத்துச் சொன்னதில்லை. “உனக்குன்னா அப்படி ஒண்ணும் அவசரம் இல்லையே அரம். அங்க என்ன, பிள்ளையா குட்டியா, ஓடிவந்து காலக் கட்டிக்க?”

அந்தப் பேச்சு அங்கேயே நின்றுவிட வேண்டும், அடுத்த வார்த்தை வந்துவிடக் கூடாது என்று அரத்துக்குத் தோன்றியது. ஏஜென்ட் கையிலிருந்த பேனாவை வாங்கினார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை அப்படித்தான் ஆரம்பித்தது.

மற்றவர்கள் கயிற்று ஏணியில் இறங்கும்போது கட்டிப்பிடித்தார்கள். சமையல்காரர் அழுதேவிட்டார். ஆறு கடக்கும் வரைக்கும் அண்ணன் தம்பி என்று சொல்வார்கள். இவர்கள் கடல் கடந்த பிறகும் கொஞ்ச நாள் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பிறகு அவரவர் பாடு.

மூன்று வாரம் என்பது மூன்று வாய்தா ஆயிற்று. அப்புறம் வாய்தாவும் எண்ணிக்கையில் நிற்கவில்லை. ஏஜென்ட் முதலில் ஃபோனை எடுத்தார், பிறகு எடுத்துவிட்டுப் பேசாமல் இருந்தார், பிறகு எடுக்கவேயில்லை. ஜெனரேட்டருக்கு எண்ணெய் தீர்ந்தது. விளக்கு போயிற்று, விசிறி போயிற்று, குளிர்பெட்டி போயிற்று. குளிர்பெட்டியிலிருந்து கிளம்பிய நாற்றம் மட்டும் போகவில்லை. இத்தனை வருஷமாக அவர் காதில் ஓடிக்கொண்டிருந்த இயந்திரச் சத்தம் நின்றபிறகு கப்பலின் வேறு சத்தங்கள் வெளியே வந்தன. நங்கூரச் சங்கிலி இழுபடும் சத்தம், எங்கோ ஒரு கதவு அடித்துக்கொள்ளும் சத்தம், தொட்டியில் தண்ணீர் ஆடும் சத்தம். யாரோ பக்கத்து அறையில் புரண்டு படுக்கிற மாதிரியே இருக்கும்.

துறைமுக அலுவலகம் தமிழ் பேசுகிற ஒரு படகுக்காரரை அனுப்பித் தண்ணீர் கேனும் சாப்பாட்டுச் சாமானும் கொடுத்தது. அவர் சில நாளுக்கு ஒருமுறை வருவார். அரத்தின் ஃபோனை வாங்கிக்கொண்டு போய், வீட்டில் சார்ஜ் போட்டு, அடுத்த தடவை கொண்டுவந்து தருவார். மேல்தளத்தின் முன்மூலையில் நின்றால்தான் சிக்னல் கிடைக்கும். அங்கே நின்று மனைவியிடம் பேசுவார், பேட்டரி சாகும்வரை.

கரை என்னவோ கூப்பிடு தூரம்தான். அங்கே கடலைப் பார்த்து ஒரு அடுக்குமாடிக் கட்டடம். அதில் நாலாவது மாடியில் ஒரு பெண் காலையில் துணி காயப்போடுவாள். ஒரு நீலப் போர்வையை அடிக்கடி துவைப்பாள். கீழே பேருந்து ஒன்று முக்கில் திரும்பும். ஒரு டீக்கடையோ என்னவோ, பலகையைத் திறந்ததும் ஆட்கள் கூடுவார்கள். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாது என்பதை அவர் தினமும் கண்ணால் பார்த்தார்.

ஒருமுறை பொறுக்க முடியாமல் படகில் இறங்கி உட்கார்ந்துவிட்டார்.

படகுக்காரர் பதறிப்போனார். “என்னண்ணே, என் பொழப்பக் கெடுத்துடாதீங்க. பாஸ்போர்ட் அவங்க கையில. கரையில கால வச்சா உள்ள தள்ளிடுவாங்க.”

“இங்க மட்டும் என்னப்பா, வெளியவா இருக்கேன்?”

படகுக்காரர் படகை எடுக்கவில்லை. இரண்டு பேரும் கப்பலின் நிழலில் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள், காவல் படகு ஒன்று வந்து ஒலிபெருக்கியில் அதட்டும் வரைக்கும். அரம் எழுந்து மறுபடி ஏணியில் ஏறினார். ஏறும்போது வந்தது கோபம் அல்ல. ஏறுகிற பழக்கம் தனக்கு வந்துவிட்டதே என்ற பயம்.

அதற்குப் பிறகு சும்மா இருக்கக் கூடாது என்று வேலை வைத்துக்கொண்டார். துருவைச் சுரண்டினார், பெயின்ட் அடித்தார். யாருக்காக என்று கேட்காமல் அடித்தார். அப்படித்தான் ஒரு நாள் பின்புறத்தில் கயிற்றில் பலகை கட்டித் தொங்கிக்கொண்டு, கம்பித் தூரிகையால் எண்ணைத் தேய்த்தார். ஒவ்வொரு இலக்கமும் அவருடைய முகத்தளவு பெரிது. 4536899. நாற்பத்தைந்து லட்சத்து முப்பத்தாறாயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்பது.

கேப்டன் சொன்னது நினைவுக்கு வந்தது. தொங்கிக்கொண்டே கணக்குப் போட்டார். நாலேழு இருபத்தெட்டு. ஐயாறு முப்பது. மூவைந்து பதினைந்து. ஆறுநாலு இருபத்துநாலு. எட்டுமூன்று, மறுபடியும் இருபத்துநாலு. ஒன்பதிரண்டு பதினெட்டு. ஆக நூற்றுமுப்பத்தொன்பது. கடைசியில் ஒன்பது, எண்ணின் கடைசியிலும் ஒன்பது. சரியாக வந்தது. ரொம்ப நாளைக்கப்புறம் ஏதோ ஒன்று சரியாக வந்திருந்தது.

சரி, இந்த எண்ணை எது வகுக்கும் என்று அடுத்த கேள்வி தானாக வந்தது. இரண்டும் ஐந்தும் கிட்டேயே வர முடியாது. மூன்றுக்கு, இலக்கங்களைக் கூட்டினால் நாற்பத்துநாலு, போகாது. ஏழு ஆசை காட்டியது: முன்னால் இருக்கிற நாலாயிரத்து ஐந்நூற்று முப்பத்தாறு ஏழால் சுத்தமாக வகுபட்டது, பின்னால் வந்த எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்பது மூன்றை மிச்சம் வைத்துக் கெடுத்தது. பதினொன்று போகவில்லை. பதின்மூன்றுக்கும் மூன்று மிச்சம்.

மாலை ஆனது தெரியாமல் தொங்கிக்கொண்டிருந்தார். அரத்துக்கு ஒரு போல்ட் கிடைத்துவிட்டது.

காலி சரக்கறைக்குள் இறங்கினார். இரும்புச் சுவர்கள், மேலே திறந்த மூடி வழியாக விழுகிற வெளிச்சம். கருவிப் பெட்டியில் அளவு குறிக்கிற சாக்பீஸ் கட்டு நிறைய இருந்தது. பகா எண்களாக, அதாவது தன்னாலும் ஒன்றாலும் தவிர வேறு எதனாலும் வகுபடாத எண்களாகப் பார்த்து வகுத்துக்கொண்டே போனால் போதும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது ஞாபகம் இருந்தது. எதுவரை போக வேண்டும்? இரண்டு எண்கள் பெருகித்தான் இது வந்தது என்றால், இரண்டுமே ரொம்பப் பெரிதாக இருக்க முடியாது. இரண்டாயிரத்து இருநூறை அதே எண்ணால் பெருக்கினால் நாற்பத்தெட்டு லட்சத்தைத் தாண்டிவிடுகிறது. ஆகவே சின்னவன் இரண்டாயிரத்து இருநூறுக்குள்தான் ஒளிந்திருக்க வேண்டும். அதுவரை எல்லா எண்ணையும் ஒரு சுவர் முழுக்க எழுதி, இரண்டின் மடங்கு, மூன்றின் மடங்கு என்று சலித்துச் சலித்து அடித்தார். அடிபடாமல் தப்பியவை முந்நூறுக்கும் மேல். அடுத்த சுவரில் ஒவ்வொன்றாக வகுக்கத் தொடங்கினார்.

வெளிச்சம் இருக்கும்வரை வேலை. ஒரு எண்ணை வகுத்து, தப்பில்லை என்று பெருக்கிச் சரிபார்த்து, மிச்சத்தை எழுதி, குறுக்கே ஒரு கோடு. ஏதோ ஒரு வகுப்பில் தப்பு விட்டிருப்போமோ என்று சந்தேகம் வந்தால் திரும்பப் போய்ப் பார்ப்பார். எழுபத்தொன்றில் ஒருகணம் சாக்பீஸ் நின்றது. மிச்சம் எழுபது. இன்னும் ஒன்று, ஒரே ஒன்று இருந்திருந்தால் சுத்தமாகப் போயிருக்கும். “போடா” என்று சுவரைத் திட்டிவிட்டு எழுபத்துமூன்றுக்குப் போனார்.

எப்போது அந்த வேண்டுதல் மாதிரியான எண்ணம் உள்ளே புகுந்தது என்று அவருக்கே தெரியாது. இது உடைகிற அன்று நானும் இங்கிருந்து இறங்குவேன். யாரிடமும் சொல்லவில்லை, தனக்குத்தானே கூட வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் காலையில் கண் விழித்ததும் அதுதான் முதலில் வரும். கூடவே அதன் நிழலும் வரும்: ஒருவேளை இதுவே ஒரு பகா எண்ணாக இருந்துவிட்டால்? இந்த முந்நூறு சாவியும் பொய், பூட்டுக்குச் சாவித்துவாரமே கிடையாது என்றால்? அந்த நினைப்பு வந்த நாட்களில் எழுதுகிற கை வேகமாகும். வேகத்தில் தப்பு வரும். தப்பு வந்தால் மறுபடி முதலிலிருந்து. ஐந்நூறைத் தாண்டினார். ஆயிரத்தைத் தாண்டினார். தாடி நெஞ்சைத் தொட்டது. கடையில் சாக்பீஸ் வாங்கிவரச் சொன்னபோது படகுக்காரர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார், ஆனால் வாங்கிவந்தார்.

ஆயிரத்து நானூறைத் தாண்டியிருந்தபோது ஒரு மத்தியானம் மனைவியிடம் பேசிக்கொண்டிருந்தார்.

“என்னங்க, பேச்சே கொறஞ்சு போச்சு. நாள் பூரா என்னதான் பண்றீங்க அங்க?”

மழுப்பப் பார்த்தார். முடியவில்லை. கொட்டிவிட்டார். சுவர், சாக்பீஸ், சலித்த எண்கள், எல்லாம். அந்த வேண்டுதலை மட்டும் சொல்லவில்லை.

பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள் என்று இவர் நினைத்தார். அவள் பேனா தேடிக்கொண்டிருந்தாள்.

“சொல்லுங்க, என்ன நம்பர் அது? டப்பா மூடியில எழுதறேன்.”

“நாலு, அஞ்சு, மூணு, ஆறு, எட்டு, ஒம்போது, ஒம்போது.”

எழுதினாள். பார்த்தாள். கடையே திரும்பிப் பார்க்கிற மாதிரிச் சிரித்தாள். “எண்ணூத்தித் தொண்ணூத்தொம்போதா! அய்ய, இது எங்க கடை வெலச்சீட்டுல்ல! தொள்ளாயிரம்னு போட்டா ஒரு பய காலை நீட்ட மாட்டான்னு ஒண்ணக் கொறச்சு ஒட்டுவோம். உங்க கப்பலுக்கும் எவனோ அப்படி ஒட்டியிருக்கான். ஒண்ணக் கூட்டி முழுசாக்கிட்டு நிம்மதியாத் தூங்குங்க.”

அவரும் சிரித்தார். மாதக்கணக்கில் சிரிக்காத சிரிப்பு. சிரிப்பின் நடுவிலேயே பேட்டரி செத்தது.

சரக்கறைக்குள் இறங்கும்போதுகூட அவருக்கு விளையாட்டாகத்தான் இருந்தது. ஒரு காலியிடத்தில் எழுதினார்: 4536900. இரண்டு சைபரைத் தள்ளினால் 45369. இலக்கங்களைக் கூட்டினால் இருபத்தேழு. அப்படியென்றால் ஒன்பது போகும். போட்டார். 5041. இந்த எண்ணை எங்கேயோ பார்த்தோமே என்று நின்றார். எழுபத்தொன்றை எழுபத்தொன்றால் பெருக்கினால் 5041. அதே எழுபத்தொன்று, ஒன்றே ஒன்று குறைந்தது என்று அவர் திட்டிவிட்டுப் போன அதே எண்.

கையிலிருந்த சாக்பீஸ் ஒடிந்தது.

ஒன்பது என்பது மூன்றும் மூன்றும். நூறு என்பது பத்தும் பத்தும். எல்லாம் இரட்டை இரட்டையாக நின்றது. மூன்று, எழுபத்தொன்று, பத்து: பெருக்கினால் 2130. அதை அதே எண்ணால் பெருக்கினால் 4536900. கப்பலின் எண் ஒரு முழுச் சதுரத்துக்கு ஒன்று குறைவு. சதுரத்திலிருந்து ஒன்றைக் கழித்தால், அதன் மூல எண்ணில் ஒன்று குறைந்ததையும் ஒன்று கூடியதையும் பெருக்கிய தொகை என்று ஏதோ ஒரு வகுப்பில் பிரம்படி வாங்கிக்கொண்டு மனப்பாடம் செய்திருந்தார். 2129. 2131. பெருக்கினார். 4536899 வந்தது. இரண்டும் பகா எண்கள். முதல் சுவரில் அடிபடாமல், ஒரே ஒரு எண்ணை நடுவில் வைத்துக்கொண்டு, பக்கத்துப் பக்கத்தில் நின்றன. அவர் போன வழியில் போயிருந்தாலும் கடைசியில் கிடைத்திருக்கும்தான். ஆனால் 2129 அந்த வரிசையில் ஏறக்குறையக் கடைசி ஆள். அதற்கு முந்திய எல்லாக் கதவையும் தட்டி, எல்லாம் பொய் என்று ஆன பிறகுதான் அது திறந்திருக்கும்.

மேல்தளத்துக்கு ஓடிவந்தார். எதற்கு ஓடினார் என்று யாராவது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. கரையைப் பார்த்தார். நாலாவது மாடிப் பெண் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். பேருந்து முக்கில் திரும்பியது. கடல் தட்டையாகக் கிடந்தது. எந்தப் படகும் வரவில்லை. நங்கூரச் சங்கிலி ஒருமுறை முனகிவிட்டு அடங்கியது.

நின்றுகொண்டேயிருந்தார். வெளிச்சம் போகப் போக ஒன்று மட்டும் அவருக்குத் தெளிவாயிற்று: எண் உடைந்துவிட்டது, கப்பல் அப்படியே இருக்கிறது. நாளைக் காலை எழுந்தால் செய்வதற்கு ஒன்றும் இல்லை.

அதன் பிறகு அவர் சரக்கறைக்குள் இறங்கவில்லை. துருவையும் தொடவில்லை. அறையில் சுவரைப் பார்த்துப் படுத்தார். படகுக்காரர் கீழிருந்து கூப்பிட்டால் கயிறு விட்டுச் சாமானை ஏற்றிக்கொள்வார். ஃபோனைக் கொடுத்தால், “நீயே வச்சுக்கப்பா” என்பார்.

இரண்டாவது தடவையும் அப்படிச் சொன்னதும் படகுக்காரர் அந்த ஃபோனை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் போட்டார். போட்ட கொஞ்ச நேரத்தில் அது அடித்தது.

“யாரு பேசறது? அவர் எங்க?” என்றாள் மனைவி.

“நான் படகுக்காரன்மா. அவரு… இருக்காரு. சாப்பாட்டக் குடுத்தா வாங்கிக்கறாரு. ஆனா முன்னெல்லாம் ஏதோ கணக்கு கணக்குன்னு பேசுவாரு. இப்ப, வீட்டுல சொன்ன ஒண்ணக் கூட்டினதும் அது முடிஞ்சு போச்சுங்கறாரு. அத அவரு சொன்ன விதம் எனக்குப் பிடிக்கலைம்மா. சீக்கிரம் ஏதாச்சும் பண்ணுங்க.”

தன் விளையாட்டுப் பேச்சு என்ன செய்தது என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. கடையில் சொல்லிவிட்டு, கடைச் சீருடையோடேயே கப்பல் தொழிலாளர் சங்கத்துக்குப் போனாள். ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் ஒற்றை அறை. சுவரெல்லாம் அலமாரி, ஒரு பெஞ்சு, ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் சங்கச் செயலாளர். முன்பும் அவள் வந்திருக்கிறாள். அப்போதெல்லாம் “பாத்துட்டு இருக்கோம்மா” என்று அனுப்பிவைத்தவர்.

“சட்டம் அப்படிம்மா. பொறுப்பாளர் இல்லாம கப்பல விட மாட்டாங்க.”

“சட்டம் என்ன அவரையா கேக்குது? ஆளத்தான கேக்குது. அவர் பேர எடுத்துட்டு வேற பேரப் போட்டா ஆகாதா?”

“ஆகும். யாரு வருவா? தெரிஞ்சே போய் யாரு தலையக் குடுப்பா?”

“நான் வரேன். என் பேர எழுதுங்க.”

செயலாளர் நிமிர்ந்து பார்த்தார். அவள் விளையாடவில்லை. “நீங்க கப்பல்ல வேலை பாக்கறவங்க இல்லையேம்மா” என்றார், கொஞ்சம் குரல் இறங்கி.

“அப்ப வேலை பாக்கற ஒருத்தரச் சொல்லுங்க. அந்த ஊர்ல உங்க ஆளு ஒருத்தர்கூடவா இல்ல?”

இருந்தார். அந்தத் துறைமுகத்தில் சங்கத்தின் கிளையில் தமிழ் தெரிந்த ஒரு பெண் இன்ஸ்பெக்டர். செயலாளர் எண்ணைக் கொடுத்தார். கொடுத்தது தப்போ என்று பிற்பாடு அவர் நினைத்திருக்கலாம். ஏனென்றால் அன்றிலிருந்து அவள் காலையில் கடை திறக்கும் முன்னும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்திலும் அந்த இன்ஸ்பெக்டர் அம்மாவுக்கு ஃபோன் போட்டாள். மிரட்டவில்லை, கெஞ்சவும் இல்லை. “இன்னிக்கு என்னாச்சும்மா?” என்று மட்டும் கேட்பாள். சாயங்காலம் சங்க அறையின் பெஞ்சில் வந்து உட்காருவாள். கப்பலில் இருப்பவருக்குத்தான் அரம் என்று பெயர். ஆனால் அந்த வீட்டில் இரண்டு அரம் இருந்தது.

படகுக்காரர் மூலமாக அவருக்கு ஒரே ஒரு சேதி சொல்லி அனுப்பினாள்: “ஆள் மாத்தப் போறாங்க. சாப்பிட்டுட்டு இருங்க.” அவர் அதை நம்பவில்லை. ஆனால் சாப்பிட்டார்.

கடைசியில் அந்த இன்ஸ்பெக்டர் அம்மா தன் பெயரையே போடச் சொன்னாள். உள்ளூர்க்காரி, விலாசம் உள்ளவள் என்பதால் கப்பலிலேயே குடியிருக்க வேண்டிய கட்டாயம் அவளுக்கு இல்லை. வீட்டிலிருந்துகொண்டே பொறுப்பேற்கலாம் என்று நீதிபதி ஒப்புக்கொண்டார். இவ்வளவுதானா என்று கேட்டால், இவ்வளவுதான். அந்த ‘இவ்வளவு’க்கு நாலு வாய்தா பிடித்தது.

இன்ஸ்பெக்டர் அம்மா கப்பலுக்கு வந்தாள். பருத்த உடம்பு, முழங்கால் வலி. கயிற்று ஏணியில் பாதியில் நின்று, “மேல இருக்கறது யாரா இருந்தாலும் கையக் குடுங்க, இல்லன்னா என் பேருக்கு இன்னொரு ஆளத் தேட வேண்டியிருக்கும்” என்று கத்தினாள். அரம் கை கொடுத்து ஏற்றினார். ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் தொட்ட முதல் மனிதக் கை.

கப்பலைச் சுற்றிப் பார்த்துப் பொறுப்பேற்க வேண்டும் என்பது விதி. சரக்கறைக்குள் எட்டிப் பார்த்தவள் அப்படியே நின்றாள். தரையிலிருந்து எட்டுகிற உயரம் வரைக்கும், நாலு சுவரிலும், வெள்ளை வெள்ளையாக எண்கள்.

“என்னய்யா இது?”

சொன்னார். சுருக்கமாகத்தான் சொன்னார்.

“இவ்வளவும் போட்டும் பதில் இதுல இல்லையா?”

“பதில் அந்த மூலைல இருக்கு. மூணு வரி.”

அவள் அந்த மூலையைப் பார்த்தாள். மற்ற சுவர்களைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்க்காமல், “வாங்க, படகு காத்திருக்கு” என்றாள்.

அந்தக் கப்பலை மறு வருஷம் ஏலம் விட்டு உடைப்பதற்கு இழுத்துப் போனார்கள் என்று பிற்பாடு கேள்வி. உடைத்தாலும் அந்த எண்ணை வேறு கப்பலுக்குக் கொடுக்க மாட்டார்கள். அரம் அதன் பிறகு கடலுக்குப் போகவில்லை. ஒரு லேத்துப் பட்டறையில் சேர்ந்தார். உள்ளே இருந்து பூட்டிய அறையில் அவரால் தூங்க முடியவில்லை. பட்டறையில் யாராவது, “மூணு வாரம்தான்” என்று எதையாவது சொன்னால் எழுந்து வெளியே போய்விடுவார். முழுக்கச் சரியாகிவிட்டார் என்று அவர் மனைவி யாரிடமும் சொன்னதில்லை.

ஊர் வந்து இறங்கிய அன்று சாயங்காலம் அவள் பேருந்து நிலையத்தில் நின்றிருந்தாள். தாடியைப் பார்த்து முதலில் அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும் ஓடிவரவில்லை, பக்கத்தில் வந்து பையை வாங்கிக்கொண்டாள்.

“ஆட்டோ பிடிக்கவா?”

“நடக்கலாமா?”

நடந்தார்கள். நேரான சாலை. கடைகள் விளக்குப் போட்டுக்கொண்டிருந்தன. அவர் வேகமாக நடந்தார். ஒவ்வொரு முறையும், கப்பல் தளத்தில் போல, இதோ முடியப் போகிறது, திரும்ப வேண்டும் என்று உடம்பு தயாராகி, சாலை முடியாமல் மேலே போவதைக் கண்டு மறுபடி நடந்தது. வீட்டுக்குத் திரும்புகிற சந்து வந்தது. அவர் திரும்பாமல் நேராகப் போனார். அவள் கூடவே போனாள். அடுத்த சந்தும் போயிற்று. அதற்கடுத்த தெருவும் போயிற்று.

“என்னங்க” என்றாள், மூச்சு வாங்க. “நானும் வரேன், எவ்வளவு தூரம்னாலும் வரேன். கொஞ்சம் மெதுவா போங்க.”

அவர் நின்று, அவள் தோளிலிருந்த பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார். மெதுவாக நடந்தார்கள்.